காப்பீட்டு அனுமதி மறுக்கப்படும்போது: மருத்துவமனையின் மேல்முறையீடும் உங்கள் பங்கும்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட பின்னர், “காப்பீட்டில் அனுமதி வரவில்லை” என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலிருந்து உங்களுக்குச் சொல்லப்படலாம். இதைக் கேட்டவுடன் நகையை அடகு வைக்கவும் வட்டிக்குக் கடன் வாங்கவும் புறப்பட்டுவிடும் குடும்பங்கள் பல. அவ்வாறு புறப்படுவதற்கு முன், அந்த மறுப்பை எதிர்த்து மருத்துவமனை முறையிட முடியும் என்பதையும், அம்முறையீட்டுக்குத் தேவையான ஆவணங்களில் பாதிக்கு மேல் உங்கள் கையில்தான் இருக்கும் என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இங்கே கூறப்படுவது, தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும், அதனுடன் 2018 செப்டம்பரில் ஒருங்கிணைக்கப்பட்ட பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டத்தையும் சார்ந்தது. ஒருங்கிணைந்த திட்டத்தின் கீழ் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கட்டணமின்றி உள்நோயாளி சிகிச்சை பெற வழி செய்யப்பட்டுள்ளது. காப்பீடு எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்ற காரணத்தைக் காட்டிச் சிகிச்சையை மறுக்க இத்திட்டத்தில் இடமில்லை. தனியார் காப்பீட்டில் பழகியவர்கள் இவ்விடத்தில் அடிக்கடி குழம்புகின்றனர்.

“வரவில்லை” என்பதன் பொருள்

முதலில் கேட்டுத் தெளிய வேண்டியது, எந்த நிலையில் கோப்பு நிற்கிறது என்பதையே. மருத்துவமனை இணையவழியில் அனுப்பும் முன் அனுமதிக் கோரிக்கையை, காப்பீட்டு நிறுவனத்தின் அல்லது திட்ட அலுவலகத்தின் மருத்துவர் ஒருவர் பரிசீலிக்கிறார். அவர் அனுமதிக்கலாம், கூடுதல் விளக்கம் கேட்கலாம், மறுக்கலாம். விளக்கம் கேட்கப்பட்டு, அதற்கு மருத்துவமனை இன்னும் பதில் அனுப்பாத கோப்பும் “வரவில்லை” என்றே நோயாளிக்குச் சொல்லப்படுகிறது. அத்தகைய கோப்புக்கு மேல்முறையீடு தேவையில்லை. கேட்கப்பட்ட ஆவணம் பதிவேற்றப்பட்டாலே போதும். ஆகவே, “அனுமதி மறுக்கப்பட்டதா, விளக்கம் கேட்கப்பட்டுள்ளதா, என்ன காரணம் எழுதப்பட்டுள்ளது?” என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கணினித் திரையில் உள்ள காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அச்சிட்டுத் தர இயலாது என்றால், கோரிக்கை எண்ணையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் இல்லாமல் மேலே எந்த அலுவலகத்தை அணுகினாலும் முதல் கேள்வியிலேயே திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

முடிவுகள் இரு வேளைகளில் எடுக்கப்படுகின்றன. சிகிச்சைக்கு முன் எடுக்கப்படுவது முன் அனுமதி. நோயாளி வீடு திரும்பிய பின், மருத்துவமனை செலவுத் தொகையைக் கோரும்போது எடுக்கப்படுவது கட்டணக் கோரிக்கை மீதான முடிவு. முன்னது மறுக்கப்பட்டால் காத்திருப்பவர் நோயாளி. பின்னது மறுக்கப்பட்டால் பணத்துக்குக் காத்திருப்பது மருத்துவமனை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்றுச் சிகிச்சை முடிந்த பிறகு, காப்பீட்டு நிறுவனம் தொகையைக் குறைத்துவிட்டது அல்லது மறுத்துவிட்டது என்பது மருத்துவமனைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. அதற்காக வீடு திரும்பிய நோயாளியை அழைத்துப் பணம் கேட்பது திட்ட விதிகளுக்கு முரணானது.

மறுப்புக்கான காரணங்கள்

சில காரணங்கள் எளியவை. குடும்ப அட்டையில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது, புதிதாகத் திருமணமாகி வந்த மருமகளின் பெயர் குடும்பப் பட்டியலில் சேர்க்கப்படாதது, பிறந்த குழந்தையின் விவரம் இணைக்கப்படாதது ஆகியவை இவ்வகையின. இவற்றை மருத்துவமனையின் மருத்துவர் எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் தீர்க்க முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் திருத்தம் செய்தாக வேண்டும். நோயாளியுடன் இருப்பவர் ஒருவரும் அலுவலகங்களுக்குச் செல்பவர் ஒருவருமாகக் குடும்பத்தில் பொறுப்பைப் பிரித்துக்கொள்வது இவ்வேளையில் பயன் தரும்.

வேறு சில, மருத்துவமனையின் பக்கமுள்ள குறைகள். சிகிச்சைக்குரிய குறியீடு தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். அந்த மருத்துவமனை இதயப் பிரிவுக்கு அங்கீகாரம் பெற்று எலும்பு முறிவுப் பிரிவுக்கு அங்கீகாரம் பெறாததாக இருக்கலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதால், தனியார் மருத்துவமனை அனுப்பும் கோரிக்கை ஏற்கப்படாது. பின்னிரண்டு நிலைகளிலும் முறையீட்டில் நாட்களைச் செலவிடுவது வீண். அச்சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற வேறு மருத்துவமனை எது என்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993-இல் கேட்டறிந்து அங்கு மாறுவதே விரைவான வழி. மருத்துவமனைக்கு அப்பிரிவில் அங்கீகாரம் இல்லை என்று மறுக்கப்படும்போது, மாற்று மருத்துவமனையைத் தெரிவிக்கும் கடமை காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு என்று தேசியத் திட்டத்தின் மாதிரி ஒப்பந்தம் கூறுகிறது.

மேல்முறையீட்டுக்கு உண்மையான களம், “இச்சிகிச்சை இந்நோயாளிக்குத் தேவை என்பது நிறுவப்படவில்லை” என்ற மூன்றாம் வகைக் காரணம். இங்கே மருத்துவரின் பேனாவும் உங்கள் பழைய கோப்பும் ஒருங்கே வேலை செய்ய வேண்டும்.

மருத்துவரின் நியாயக் குறிப்பு

மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரி, சிகிச்சை அளிக்கும் மருத்துவர் தம் கையொப்பத்துடனும் பதிவு எண்ணுடனும் ஒரு குறிப்பை எழுதி இணைப்பார். “நோயாளிக்கு அறுவை சிகிச்சை அவசியம், அனுமதிக்க வேண்டுகிறேன்” என்று இரண்டு வரியில் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் பயன் தராது. பரிசீலிப்பவரும் மருத்துவரே; அவர் நோயாளியைப் பார்த்ததில்லை; தாளில் உள்ளதை மட்டுமே பார்க்கிறார். எனவே மறுப்பில் எழுதப்பட்ட காரணத்தை அப்படியே எடுத்து, அதற்கு நேரான சான்றை வைப்பதே நல்ல குறிப்பு.

எடுத்துக்காட்டாக, முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை கோரப்பட்ட 62 வயது விவசாயக் கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். “மருந்து, இயன்முறைச் சிகிச்சை ஆகியவை முயலப்பட்டதற்குச் சான்று இல்லை” என்று மறுப்பு வருகிறது. நின்றுகொண்டு எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம் மருத்துவமனையிடம் இருக்கிறது. ஆனால், மூன்று ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் வாங்கிய வலி மாத்திரைகளின் சீட்டுகளும், அரசு மருத்துவமனையில் பத்து நாள் மின்சிகிச்சை பெற்றதற்கான அட்டையும் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு நெகிழிப் பையில் கிடக்கக்கூடும். அவை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே மருத்துவர், “இன்ன மாதம் முதல் இன்ன மருந்து, இத்தனை நாள் இயன்முறைச் சிகிச்சை, பலன் இல்லை, இப்போது இத்தனை அடிக்கு மேல் நடக்க இயலவில்லை” என்று எழுத முடியும். பழைய சீட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கூறுவதற்குக் காரணம் இதுவே.

இதய இரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கும் இதே முறைதான். ஆஞ்சியோ அறிக்கையின் எழுத்து வடிவம் மட்டும் அனுப்பப்பட்டிருந்தால், படக்காட்சி அடங்கிய குறுந்தகடு கேட்கப்படும். வேறு மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுக்கப்பட்டிருந்தால் அக்குறுந்தகட்டைப் பெற்றுவர வேண்டியவர் நீங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திசு ஆய்வு அறிக்கை இன்றியமையாதது. ஒரு மருத்துவமனையிடம் உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் அவை தரப்பட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை நெறி விதிகள் கூறுகின்றன. கேட்பதை வாய்மொழியாகக் கேட்காமல், தேதியிட்ட கடிதமாகக் கொடுத்து அதன் நகலில் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் இவ்வேண்டுகோளை வைக்கத் தயங்குபவர்கள் உண்டு. வார்டு சுற்று முடியும் வேளையில், “ஐயா, மறுப்பில் இந்தக் காரணம் எழுதியிருக்கிறார்கள், எங்களிடம் இந்தப் பழைய சீட்டுகள் உள்ளன, உங்கள் குறிப்பில் இவற்றைச் சேர்க்க முடியுமா?” என்று ஒரே முறை, ஆவணங்களோடு கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் இதை வரவேற்கவே செய்வர். கோப்பைத் தேடும் வேலை அவர்களுக்கு மிச்சமாகிறது.

எல்லா மறுப்பும் அநீதி என்று கருதிவிடவும் கூடாது. கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைகள் தேவையின்றிச் செய்யப்படுவதாக நாட்டின் பல பகுதிகளில் புகார்கள் எழுந்ததைத் தொடர்ந்து, அவற்றைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்தது. இளம் வயதுப் பெண்ணுக்கு இத்தகைய அறுவை சிகிச்சைக்கான அனுமதி மறுக்கப்பட்டால், முறையீட்டுக்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டாவது கருத்தைப் பெறுவது நலம். மறுப்பு சில வேளைகளில் நோயாளியைக் காக்கிறது.

அவசரம் என்றால்

மாரடைப்பு, மூளையில் இரத்தக் கசிவு, சிக்கலான பிரசவம் போன்றவற்றில் ஆவணங்களுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. தொலைபேசி வழியில் உடனடி அனுமதி பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கி, ஆவணங்களைப் பின்னர் சேர்க்கும் வழி திட்டத்தில் உள்ளது. மருத்துவமனை அவ்வழியைப் பயன்படுத்தியதா என்று கேளுங்கள். சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே, மேற்கு வங்கத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், தீர்ப்பளித்துள்ளது.

குழுக்களிடம் முறையிடுதல்

மறுபரிசீலனையிலும் மறுப்பு உறுதியானால், அடுத்த படி குறைதீர்ப்புக் குழு. தேசியத் திட்டத்தில் இவை மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று அடுக்காக அமைந்துள்ளன. மாவட்டக் குழுவில் நோயாளியும் முறையிடலாம், மருத்துவமனையும் முறையிடலாம். கோரிக்கை நிராகரிக்கப்படும்போது காரணத்தையும், முறையிட வேண்டிய மாவட்ட அலுவலரின் விவரத்தையும் நிராகரிப்பு அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்பது விதி. மாவட்டக் குழு 30 நாட்களுக்குள் முடிவு காண முயல வேண்டும். அம்முடிவில் நிறைவு இல்லையெனில் 30 நாட்களுக்குள் மாநிலக் குழுவுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். தேதியைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் கேட்பாரற்றுப் போகும். முடிவு உங்களுக்குக் கிடைத்த நாளை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

இந்த 30 நாள் கணக்கு, கட்டணக் கோரிக்கை மறுக்கப்பட்ட மருத்துவமனைக்குப் பொருந்தும். மார்பு வலியோடு படுத்திருப்பவருக்கு எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். நியாயமான கேள்வி. சிகிச்சை மறுக்கப்படுதல், சேர்க்கையின்போது பணம் கேட்கப்படுதல் ஆகிய புகார்கள் அவசர வகையாகப் பதியப்பட்டு, மணிக்கணக்கில் தீர்க்கப்பட வேண்டியவை. ஆகவே 14555 என்ற தேசிய உதவி எண்ணிலோ, மேலே தரப்பட்ட மாநில எண்ணிலோ புகார் பதியும்போது, “நோயாளி இப்போது மருத்துவமனையில் இருக்கிறார், சிகிச்சை நிற்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பின்னணிக் கதையைப் பிறகு சொல்லலாம். புகார் எண்ணைப் பெறாமல் தொலைபேசியை வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணிலும், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோயாளியின் பெயர், காப்பீட்டு அட்டை எண், மருத்துவமனை, கோரிக்கை எண், மறுப்புக் காரணம், மருத்துவரின் குறிப்பின் நகல், நீங்கள் கேட்பது என்ன என்ற ஒரு வாக்கியம் ஆகியவை இருந்தால் போதும்.

மருத்துவமனையே முறையிடத் தயங்கினால் என்ன செய்வது? இவ்வாறு நேர்வதுண்டு. சிறிய மருத்துவமனைகளில் காப்பீட்டுப் பிரிவில் ஒரே ஊழியர் எல்லாக் கோப்புகளையும் பார்ப்பார். மறுக்கப்பட்ட கோப்பை மீண்டும் தொடுவதைவிட நோயாளியிடம் பணம் பெறுவது எளிது என்று கருதும் நிர்வாகங்களும் உள்ளன. அப்போது நோயாளியின் பெயரிலேயே நீங்கள் மாவட்டக் குழுவை அணுகலாம். மருத்துவரின் குறிப்பு மட்டும் அவசியம். அதைத் தர மருத்துவர் மறுத்தால், அதே துறையின் அரசு மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்று இணையுங்கள்.

பணம் கேட்கப்பட்டால்

“இப்போது நாற்பதாயிரம் கட்டுங்கள், காப்பீட்டில் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. அனுமதிக்கப்பட்ட சிகிச்சைத் தொகுப்பில் படுக்கை, பரிசோதனை, மருந்து, அறுவை சிகிச்சை, உணவு ஆகியவை அடங்கும். தேசியத் திட்டத்தின் தொகுப்பில், சேர்க்கைக்கு முந்தைய 3 நாட்களின் பரிசோதனைகளும், வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான மருந்துகளும் சேர்ந்தவை. அத்தொகுப்புக்கு மேல் பணம் பெறுவது விதிமீறல். மருத்துவமனை பெற்ற தொகையைத் திருப்பித் தருவதோடு அபராதத்துக்கும் உள்ளாகும். தொடர்ந்து செய்தால் திட்டத்திலிருந்தே நீக்கப்படலாம். வேறு வழியின்றிப் பணம் கட்ட நேர்ந்தால், இரசீது கட்டாயம் பெறுங்கள். வெளி மருந்துக் கடையில் வாங்கிவரச் சொன்ன மருந்துகளின் சீட்டையும் பில்லையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். இரசீது இல்லாத பணத்தை எந்தக் குழுவும் மீட்டுத் தர இயலாது.

கட்டணக் கோரிக்கை தாமதமாவதை முன்னிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பதும் கூடாது. தேசியத் திட்டத்தில், மாநிலத்துக்குள் அளிக்கப்பட்ட சிகிச்சைக்கு 15 நாட்களிலும், வேறு மாநிலத்தில் பெற்ற சிகிச்சைக்கு 30 நாட்களிலும் மருத்துவமனைக்குத் தொகை வழங்கப்பட வேண்டும் என்று காலவரை வகுக்கப்பட்டுள்ளது. அக்காலவரை மீறப்பட்டால் மருத்துவமனை நிறுவனத்தைக் கேட்க வேண்டும், உங்களை அல்ல.

தகவலும் சட்ட உதவியும்

கோப்பில் என்ன எழுதப்பட்டது என்பதே மறைக்கப்பட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். சாதாரணமாக 30 நாட்களில் பதில் தரப்பட வேண்டும்; ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவலாயின் 48 மணி நேரத்தில் தரப்பட வேண்டும். சிகிச்சை நிற்கும் நோயாளிக்காக விண்ணப்பிக்கும்போது இந்த 48 மணி நேரப் பிரிவை மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை.

குழுக்களின் முடிவுக்குப் பிறகும் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை மனு தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம்: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.

வேறு திட்டங்களில் உள்ளவர்களுக்கு

தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு மேற்கூறிய குழுக்கள் பொருந்தா. அத்திட்டத்தின் பயன்கள் பற்றிய பூசல்களைத் தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றம் விசாரிக்கிறது. ஊனத்தின் அளவு குறித்த மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். ஒன்றிய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும், பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்தால் சிகிச்சை பெற்று, செலவுத் தொகை மறுக்கப்பட்டிருந்தால், 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தம் மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம். மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தொகையை மறுக்கக் கூடாது என்றும், சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா என்பதே பார்க்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆகவே அம்மேல்முறையீட்டுடன் மருத்துவமனை வழங்கிய வீடு திரும்பல் சுருக்கமும், அவசர நிலையைக் கூறும் மருத்துவரின் சான்றும், அசல் பில்களும் இணைக்கப்பட வேண்டும். அசலை ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.